ஓர் எட்டு முன்னால்

நான் ஆடிய முதல் கிரிக்கெட் போட்டியில், ஓட்டம் எடுக்க ஓடிக்கொண்டிருந்த எதிரணிப் பெண்ணின் முதுகில் பந்தால் அடித்தேன். அடித்ததோடு நிற்காமல் இரண்டு கையையும் தூக்கித் துள்ளவும் செய்தேன். மைதானமே சிரித்தது. அடி வாங்கியவள் மட்டையைக் கீழே போட்டுவிட்டு முதுகைத் தடவினாள்.

"என்னக்கா இது, ஆளுக்கா எறியிற?"

கிரான் கிராமத்தில் எல்லே ஆடி வளர்ந்தவளிடம் கேட்கிற கேள்வியா அது? எல்லேயில் ஆளுக்குத்தான் எறிய வேண்டும். பந்தை அடித்துவிட்டுச் சுற்றி ஓடுகிறவளின் உடம்பில் பந்து பட்டால் அவள் அவுட். அறுவடை முடிந்த வயல்வட்டையில், நெல்தாள் காலைக் குத்தக் குத்த நாங்கள் அப்படித்தான் ஆடினோம்.

பிறகு கலியாணம், நகரத்தில் அலுவலக வேலை. இருபது வருடமாக இந்தக் கையிடம் பேனா பிடிப்பதையும் கறி கிண்டுவதையும் தவிர யாரும் எதையும் கேட்கவில்லை. அதனால்தான் அலுவலகத்தில் பெண்களுக்கு மென்பந்து கிரிக்கெட் அணி தொடங்கியபோது முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். வயது நாற்பத்து மூன்று. "மனிசரக் கொல்லாம வந்தாச் சரி" என்றார் கணவர். மனிதர் வாய் பலித்துவிட்டது.

அடுத்த மேசையில் வேலை செய்யும் பிள்ளைதான் எங்கள் அணித் தலைவி. அந்த முதல் போட்டிக்குப் பிறகு அவள் என்னைப் பின்னேரங்களில் வாவிக்கரை மைதானத்துக்குக் கூட்டிப்போய், ஒரேயொரு விக்கெட்டை நட்டு எறியச் சொன்னாள். ஒன்றுகூடப் படவில்லை. விசித்திரம் என்னவென்றால், எல்லாம் ஒரே பக்கம் பிழைத்தன. எப்போதும் வலப்பக்கம், எப்போதும் ஓர் எட்டுத் தூரம். கோபத்தில் ஒருநாள் விக்கெட்டைக் காலால் உதைத்துத் தள்ளினேன். அதை மறுபடி நடக் குனிந்தபோதுதான் பொறி தட்டியது.

எல்லேயில் நான் நிற்பது எப்போதும் ஒரே இடம். ஓடுகிறவள் எனக்கு இடமிருந்து வலமாகப் போவாள். அவள் இருக்கிற இடத்துக்கு எறிந்தால், பந்து போய்ச் சேரும்போது அவள் அங்கே இருக்கமாட்டாள். அதனால் கை ஓர் எட்டு முன்னால் எறிந்திருக்கிறது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானும் கைக்குச் சொல்லவில்லை. இருபது வருடம் கோப்புகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே அந்த ஓர் எட்டை அது பத்திரமாக வைத்திருந்திருக்கிறது! வேறு யாருடையவோ கையைப் பார்ப்பதுபோல என் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆனால் விக்கெட் ஓடாதே.

"இறுதிப் போட்டியில உங்கள ஆட விடுறன் அக்கா" என்றாள் தலைவி. "ஆனா பந்து வந்தா எறிய வேணாம். பக்கத்தில நிக்கிற ஆளிட்ட உருட்டி விடுங்க."

ஓம் என்றேன். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இந்தக் கை இனி உருட்டத்தான் லாயக்கா?

இறுதிப் போட்டியில் எதிரே அதே அணி. அவர்களுக்கு மிச்சம் ஒரு விக்கெட், தேவை மூன்று ஓட்டம். முதுகில் அடி வாங்கியவளே அடித்தாள். பந்து என்னிடம் வந்தது. அவள் இரண்டாவது ஓட்டத்துக்குத் திரும்பிவிட்டாள். உருட்டிவிடப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. அவள் எனக்கு இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டிருந்தாள். நான் விக்கெட்டைப் பார்க்கவேயில்லை. அவளைப் பார்த்தேன், கிரானில் எறிவதுபோல எறிந்தேன்.

பந்து வழக்கம்போல அவளுக்கு ஓர் எட்டு முன்னால் போனது. அங்கே விக்கெட் இருந்தது. வேறு எங்கே இருக்கும், அவள் ஓடியதே அதை நோக்கித்தானே! அவளுடைய மட்டை கோட்டுக்கு ஒரு சாண் வெளியே இருக்க, விக்கெட் பறந்தது.

தலைவி ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். அவள் தோளுக்கு மேலாக நான் என் உள்ளங்கையை விரித்துப் பார்த்தேன். மண்ணும் வியர்வையும்தான் இருந்தன.

தோற்றவள் தன் முதுகில் ஒரு கையை வைத்தபடியே வந்தாள்.

"முதுகிலதான் விழப்போகுது எண்டு நினைச்சன் அக்கா."

"நானும் அங்கதான் எறிஞ்சன்" என்றேன்.