தரைப்பாலத்துக்கு அந்தப் பக்கம்

நரெலுக்குக் காடு பிடிக்காது. இதை அவள் வெளியே சொன்னதில்லை, சொல்லவும் முடியாது. கணவன் பெவன் நடத்தும் மழைக்காட்டுக் காப்பகத்தில் நுழைவுச் சீட்டு கொடுப்பவளே அவள்தான். கெய்ன்ஸ் நகரத்திலிருந்து வரும் பயணிகளிடம், "அண்ணாந்து பாத்துக்கிட்டே போங்க, மரக் கங்காரு கண்ணுல பட்டா உங்க அதிர்ஷ்டம்" என்று சிரித்த முகமாகச் சொல்லி அனுப்பிவிட்டு, பூஞ்சை பிடித்த தலையணை உறைகளை மறுபடியும் வெந்நீரில் ஊறப்போடப் போவாள். ஒரு மழைக்காலம் இருந்து பார்க்கலாம் என்று கல்யாணமான புதிதில் வந்தவள். மகள் இங்கேயே பிறந்து வளர்ந்து, வெளியூர் போய், பிள்ளையும் பெற்றுவிட்டாள். நரெல் இன்னும் மழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முழங்கால் தேய்ந்த பிறகுதான் பெவன் இடத்தை விற்கச் சம்மதித்தான். மெல்போர்னிலிருந்து கேரத்தும் அவன் மனைவி பிலிப்பாவும் பார்க்க வந்தார்கள். வந்த அன்றே வானம் பிய்த்துக்கொண்டது. ஓடை பெருகித் தரைப்பாலம் மூழ்கியது. வெளியே போக வேறு வழி கிடையாது.

"வருஷா வருஷம் இப்படித்தானா?" சாப்பாட்டு மேஜையில் கேட்டான் கேரத்.

"சேச்சே, எப்பவாவது ஒரு தடவை" என்றான் பெவன். நரெல் தட்டிலிருந்த மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மழை சற்று விட்ட ஒரு காலையில், பிலிப்பாவுக்குச் சீட்டுக் கொட்டகையைக் காட்டப் போனாள். உள்ளே நுழைந்ததும் வெளியே அடித்தொண்டையில் ஓர் உறுமல். ஆளுயரக் காசோவரிப் பறவை நீலக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. அதன் பின்னால் வரி போட்ட குஞ்சுகள் உதிர்ந்த பழங்களைப் பொறுக்கின. நரெல் சட்டென்று கதவைச் சாத்தினாள். பறவை விட்ட உதையில் பலகை அதிர்ந்தது.

"ஐயோ, போகாதா இது?"

"பழம் தீந்தாத்தான் போகும். எட்டிப் பாக்காதீங்க, அந்த நகம் பட்டா குடலைக் கிழிச்சிரும்."

"பிள்ளைங்க மேல தாய்க்கு அவ்வளவு பாசம்!"

"தாயா? அவ முட்டைய போட்டுட்டு அப்பவே கெளம்பிட்டா. இது அப்பன்."

"கெட்டிக்காரி!"

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் கொட்டகைக்குள் மூச்சு முட்டியது. தகரக் கூரையில் மறுபடி மழை இறங்கியது.

"எனக்கு இங்க வர இஷ்டமே இல்ல" என்றாள் பிலிப்பா தாழ்ந்த குரலில். "அவருக்குத்தான் ஆசை. ஒரு வருஷம் இருந்து பாப்போம்ங்கிறாரு. நீங்க சொல்லுங்க, இருந்துர முடியுமா?"

நரெல் சீட்டுக் கொடுக்கும் முக்காலியில் உட்கார்ந்தாள். முடியும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இடம் கைமாறிவிடும். அவள் போய்விடலாம். இந்தப் பெண் இதே முக்காலியில் உட்கார்ந்து சீட்டுக் கிழித்துக்கொண்டிருப்பாள்.

"பெவனும் என்கிட்ட இப்படித்தான் சொன்னாரு" என்றாள். "பாலம் வருஷா வருஷம் மூழ்கும். எங்கம்மா செத்தப்ப இந்தக் கரையிலதான் நின்னுக்கிட்டு இருந்தேன். அடக்கம் பண்ணி முடிச்சப்புறம்தான் தண்ணி எறங்குச்சு."

பிலிப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பறவை போன பிறகும் இருவரும் வெளியே வரவில்லை.

அன்று மாலையே கேரத் வேண்டாம் என்றுவிட்டான்.

"வந்த ஒரே ஆளையும் வெரட்டிட்டியே!" பெவன் கத்தினான். "இனி ரெண்டு பேரும் இங்கயே கெடந்து மக்க வேண்டியதுதான்."

"நீ கெட, பெவன்."

தண்ணீர் வடிந்ததும் நரெல் ஒற்றைப் பையோடு கேரத்தின் காரில் பின்சீட்டில் ஏறினாள். பெவன் நொண்டிக்கொண்டே ஓடிவந்து ஜன்னலைப் பிடித்தான். "எப்ப வருவ?" பாலத்தில் இன்னும் சக்கரம் நனையும் அளவுக்குத் தண்ணீர் ஓடியது. அக்கரை ஏறும்வரை பையை நெஞ்சோடு அணைத்தபடி கண்களை மூடிக்கொண்டிருந்தாள்.

இப்போது கெய்ன்ஸில் ஒரு சலவைக்கடையில் விடுதிப் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடுகிறாள். மாடியில் ஓர் அறை. பாதை திறந்திருக்கும் நாட்களில் பெவன் வருவான். அவள் மீன் பொரித்து வைப்பாள்.

"இங்க அப்படி என்னதான் இருக்கு?" என்பான் ஒவ்வொரு முறையும்.

"வாசல்லயே பஸ் நிக்குது."

அவன் சிரிப்பதில்லை. மீனை மட்டும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போவான்.