மல்லாந்து படு

என் பிரசவ அறையில் இருந்தவர்கள்: மருத்துவச்சி, அவளிடம் வேலை பழகும் ஒரு பெண், என் வீட்டுக்காரர், நான். அதட்டுவதற்கு ஆள் இல்லை. ஆக்லாந்துக்கு வந்த இரண்டு வருஷத்தில் எனக்கு அதுதான் பெரிய அதிசயம்.

எப்படி இருந்தால் உனக்குத் தோது என்று மருத்துவச்சி கேட்டாள். வீட்டுக்காரர் தமிழில் சொன்னார். வலிக்காரியிடம் யாராவது அதைக் கேட்பார்களா? நானாகவே மல்லாந்து படுத்து, காலை மடக்கி, தொடையைப் பிடித்துக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை. கட்டிலின் தலைமாட்டை நிமிர்த்தி, என்னைத் திருப்பி முழங்காலில் நிற்கவைத்து, அதைக் கட்டிக்கொள்ளச் சொன்னாள். அவள் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

சிவகாசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆறு வருஷம் ஆயாவாக இருந்தேன். பிரசவ அறையில் காலைப் பிடிப்பது என் வேலை. மல்லாக்கப் படுத்தால்தான் டாக்டர் குனியாமல் பார்க்க முடியும். ஒருநாள் விஸ்வநத்தத்திலிருந்து முத்துமாரி என்பவளைப் பட்டாசுக் கம்பெனி வேனில் கொண்டுவந்து இறக்கினார்கள். தலைப்பிள்ளை.

"யக்கா, செத்த நேரம் குத்தவச்சுக்கிடுதேன். நாளெல்லாம் குத்தவச்சுத்தான மருந்து அடைக்கேன். எனக்கு அதான் தோது."

"இது ஒங்க கம்பெனி இல்லட்டி. மல்லாந்து படு."

எழுந்தாள். தொடையில் அடித்தேன். மறுபடி எழுந்தாள். அவள் முழங்காலில் என் பாரத்தைப் போட்டு அமுக்கினேன். பிள்ளை இறங்கவில்லை. கடைசியில் கீழே அறுத்து, பிள்ளையின் தலையில் கிண்ணம் மாதிரி ஒன்றை வைத்து இழுத்தார்கள். பிள்ளை பிழைத்தது. வீட்டுக்குப் போகும்போது, சிரமம் கொடுத்துவிட்டேன் என்று அவள்தான் என்னிடம் வருத்தப்பட்டாள். டாக்டர் சொன்னதைச் செய்தேன் என்று நான் சொல்லலாம். அடிக்கச் சொல்லி அவர் சொல்லவில்லை.

இங்கே மகள் பிறந்ததும் அழுதேன். முத்துமாரியைப் பற்றி மருத்துவச்சியிடம் சொல்லச் சொன்னேன். வீட்டுக்காரர் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அவள் என் தலையைத் தடவினாள். பாவம், உன்னை அப்படியா படுக்கவைத்தார்கள் என்று கேட்டாளாம்.

"என்னைய இல்ல. நான்தான் அமுக்குனேன்னு சொல்லுங்க."

"விடு. இங்கன வந்து அதெல்லாம் எதுக்கு?"

அவர் சொல்லவில்லை. மருத்துவச்சி டீ கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக் குடித்தேன்.

ஊரில் காலைப் பிடிக்கிற ஆயாக்கள் இதை வாசித்தால் என்மேல் கோபப்படுவார்கள். படட்டும். அன்றைக்கு என் முழங்கால் இந்த ஊர் மெத்தையில் ஊன்றியிருந்தது. கை சிவகாசியில் ஒருத்தியின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தது. எனக்குத் தையலே போடவில்லை. முத்துமாரிக்குப் போடும்போது நூலை நறுக்கிக் கொடுத்தது நான். எண்ணினேன். பதினாலு.