குட்டி என்று கத்திய காலை

என் மூத்த மகளுக்கு என்மேல் ஒரு முறைப்பாடு உண்டு. வீட்டில் மற்றவர்கள் எல்லாரும் அவளைக் குட்டி என்று கூப்பிட, நான் மட்டும் பள்ளிக்கூட இடாப்பில் உள்ள முழுப்பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறேனாம். "நீங்கள் கூப்பிடேக்கை நான் ஏதோ பிழை செய்த மாதிரிக் கிடக்கு அப்பா" என்று போன கிழமையும் சொன்னாள்.

அவளுக்கு ஆறு வயது ஆகும்வரை நானும் குட்டி என்றுதான் கூப்பிட்டேன். ஒரு சனிக்கிழமை காலையோடு அது நின்றது. ஏன் என்று அவளுக்கு நான் சொல்லவில்லை. இப்போது அவளுக்குப் பதினொரு வயது. அவளும் அவளோடு படிக்கிற பிள்ளைகளும் வாசிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் பண்டத்தரிப்பில் வாடகை வீட்டில் இருந்தோம். எங்கள் சொந்தக் காணி வலிகாமம் வடக்கில். நான் கைப்பிள்ளையாக இருந்தபோது எங்கள் ஆட்கள் சண்டைக்குப் பயந்து அதை விட்டு ஓடினார்கள். பிறகு அது இராணுவத்தின் முள்ளுக்கம்பிக்கு உள்ளே போய்விட்டது. திரும்பத் தந்தபோது எனக்கே தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. வீடு நின்ற இடத்தில் இரண்டு சுவரும், சுவருக்குள்ளே ஒரு வேப்பமரமும் நின்றன. மற்றதெல்லாம் ஆள் உயரப் பற்றையும் பனை வடலியும்.

கண்ணிவெடி எல்லாம் எடுத்தாயிற்று என்று எழுதித் தந்திருந்தார்கள். அந்தக் கடிதத்தை நான் நம்பினேன். என் கால் நம்பவில்லை. பாம்புக்கும் பயம். எல்லாவற்றிலும் பெரிய பயம் கிணறு.

காணி உறுதிப் பத்திரத்தில் ஒரு வரி இருக்கிறது. வடக்குப் பக்கத்துக் காணியில் உள்ள கிணற்றிலும் வழிவாய்க்காலிலும் பங்கு என்று. எங்கள் ஊர் உறுதிகளில் இப்படி எழுதுவது வழக்கம். ஒரு கிணற்றில் நாலு குடும்பம் தண்ணீர் அள்ளும். காணியை விற்றாலும் பங்கு கூடவே போகும். ஆனால் அந்தக் கிணறு எந்த இடத்தில் என்று கேட்க ஆள் இல்லை. வடக்குக் காணிக்காரர் வெளிநாட்டில். கிணற்றுக் கட்டு இடிந்துபோயிருந்தால் வாய் தரையோடு தரையாகக் கிடக்கும். மேலே புல் மூடியிருக்கும். தாளில் பங்கு இருக்கிறது, பூமியில் கிணறு எங்கே என்று தெரியாது. இரவில் படுத்தால் அதுதான் நினைவு.

பற்றை வெட்டப் போன அந்தச் சனிக்கிழமை, மகளை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லாததால் கூட்டிக்கொண்டு போனோம். வேப்பமரத்தடியைத் துப்பரவாக்கி, பிளாஸ்டிக் பாயை விரித்து அவளை இருத்தினேன். இருத்திவிட்டு ஒரு கட்டளையும் போட்டேன்.

"பாயை விட்டு இறங்கக் கூடாது. நான் 'குட்டி வா' எண்டு கூப்பிட்டால் மட்டும் எழும்பு. எழும்பினால் அங்கை இங்கை பாராமல் என்ரை சத்தத்துக்கு நேர ஓடி வா."

பாம்பு கீம்பு பாய்ப்பக்கம் வந்தால், அவள் நின்று முழிக்காமல் என்னிடம் ஓடிவரட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன். அப்போது நான் வெட்டிக்கொண்டிருந்தது பாயிலிருந்து பத்தடி தூரத்தில், துப்பரவான நிலத்தில். அங்கிருந்துதான் கூப்பிடுவேன் என்று நினைத்தேன். கட்டளையைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். ஒரு சொல் விடாமல் சொன்னாள்.

ஒன்பது மணிபோல என் மனைவியின் தம்பி, என் மச்சான், மோட்டார் சைக்கிளில் வந்தான். உதவிக்கு வருகிறேன் என்று சொன்னவன் கத்தி கொண்டுவரவில்லை. நாயும் பழைய மீன்வலையில் ஒரு துண்டும் கொண்டுவந்தான். வந்ததும் குனிந்து நிலத்தைப் பார்த்தான்.

"அத்தான், உது முழுக்க முயல் பிழுக்கை. உங்கடை காணியிலை உங்களுக்கு முந்தி அவையள் குடியேறீட்டினம்."

மனைவிக்குப் பிடிக்கவில்லை. துப்பரவாக்க வந்தீர்களோ வேட்டையாட வந்தீர்களோ என்று கேட்டாள். முயல் இறைச்சி சமைத்தால் சட்டியோடு கேட்கப்போவது அக்காதான் என்று அவன் பகிடி விட்டான். அவள் சிரிக்கவில்லை. எனக்கு ஆசை வந்துவிட்டது. அதை மறைக்கக் கூடாது. முயல் இறைச்சி தின்று வருடக்கணக்கு. தவிர, எங்கள் காணி, எங்கள் முயல் என்றொரு எண்ணம். நான் கத்தியை வைத்துவிட்டு அவனோடு போனேன்.

மச்சானுக்கு ஒரு கொள்கை இருந்தது. வலை கட்டும்போது அதைச் சொன்னான்.

"நான் சினையைத் தொடமாட்டன். குட்டியைத் தொடமாட்டன். எத்தினை பேர் கண்டதையும் அடிக்கிறாங்கள். என்ரை கை சுத்தம் அத்தான்."

எனக்கு அது நல்ல கொள்கையாகத்தான் தெரிந்தது. மனம் லேசானது.

இரண்டு வடலிக்கு நடுவில் வலையைக் கட்டி, நாயைப் பற்றைக்குள் விட்டு, நாங்கள் தடியால் தட்டிக்கொண்டு வந்தோம். கொஞ்ச நேரத்தில் ஒன்று பாய்ந்துவந்து வலையில் விழுந்தது. மச்சான் ஓடிப்போய் ஒரே திருகில் கழுத்தை முறித்தான். அதற்குள் நாய் வடக்குப் பக்கம் குரைக்கத் தொடங்கிவிட்டது. அவன் முயலை என் கையில் தந்து, மோட்டார் சைக்கிளில் தொங்கிய உரப்பைக்குள் போடச் சொல்லிவிட்டு நாய்க்குப் பின்னால் போனான்.

பைக்குள் போடும்போது என் விரல் ஈரமாக இருந்தது. இரத்தம் என்று பார்த்தேன். வெள்ளையாக இருந்தது. வயிற்று மயிரை விலக்கிப் பார்த்தேன். முலைக்காம்பில் பால் துளித்து நின்றது.

நான் மச்சானைக் கூப்பிட்டிருக்க வேண்டும். இது குட்டிக்காரி, வேட்டையை நிற்பாட்டு என்று சொல்லியிருக்க வேண்டும். விரலை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தேன். பையின் வாயைக் கட்டினேன். ஒன்றும் நடக்காததுபோல அவனுக்குப் பின்னால் போனேன்.

நாய் குரைத்த இடம் பாயிலிருந்து நாற்பதடி, ஐம்பதடி தூரம் இருக்கும். வடக்கு எல்லையை நாங்கள் தாண்டிவிட்டோம் என்பதை நான் கவனிக்கவில்லை. நாய் ஒரு புல்லுத் திடலைச் சுற்றிச் சுற்றி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. மச்சான் தடியை ஓங்கிவிட்டு, உடனே இறக்கினான்.

"குட்டி அத்தான், குட்டி! அடிக்காதேங்கோ!"

உள்ளங்கை அளவு ஒன்று. புல்லோடு புல்லாக ஒட்டிப் படுத்திருந்தது. நாய் மூக்கை வைக்கிற தூரத்தில் நின்றும் அது ஓடவில்லை. முயல்குட்டி அப்படித்தானாம். தாய் விட்டுப்போன இடத்தில் தாய் வரும்வரை அசையாமல் கிடக்கும். நாய் பாயப் பார்த்தது. நானும் கத்தினேன். மச்சானைப் பார்த்து, "குட்டி, குட்டி, நாயைப் பிடி" என்றேன். நாயைப் பார்த்து, "வா, இஞ்சாலை வா, வா" என்றேன். என் தொண்டையில் இருந்த சத்தம் முழுவதையும் போட்டுக் கத்தினேன். குட்டி, வா. குட்டி, வா.

பிள்ளைகளே, உங்களுக்கு இப்போது விளங்கியிருக்கும். எனக்கு அப்போது விளங்கவில்லை.

நாய் வாயை வைப்பதற்கு முன்னால் நான் விழுந்து குட்டியை அள்ளிவிட்டேன். கை பட்டதும் அது கத்தியது. முயலுக்குச் சத்தம் உண்டென்றே அதுவரை எனக்குத் தெரியாது. கைக்குழந்தை வீரிட்டு அழுகிற மாதிரி இருந்தது. நான் வாயை மூடினேன். நாய்கூடப் பின்வாங்கியது.

அந்த அமைதிக்குள்தான், மறுபக்கத்தில் பற்றை வெட்டிக்கொண்டிருந்த மனைவியின் குரல் வந்தது.

"இஞ்சேருங்கோ, பிள்ளை உங்களிட்டை வந்திட்டாளோ?"

இல்லை என்றேன்.

"நீங்கள்தானே கூப்பிட்டனீங்கள்?"

நான் நின்ற இடத்துக்கும் பாய்க்கும் நடுவில் இருந்தது உறுதியில் எழுதிய அந்த வடக்குக் காணி. நாங்கள் சுற்றி வந்த தடம் வளைந்து போகிறது. அவளோ நான் சொன்னபடி என் சத்தத்துக்கு நேராக வருவாள். அங்கை இங்கை பாராமல் வருவாள்.

எப்படிக் கூப்பிடுவது? குட்டி என்று வாயெடுத்தேன், அப்படியே விழுங்கினேன். குட்டி என்றால் அவள் ஓடிவருவாள். அவள் எந்த இடத்தில் நிற்கிறாள், அடுத்த அடியில் என்ன இருக்கிறது, ஒன்றும் தெரியாது. பேசாமல் இருந்தாலும் வருவாளோ, அதுவும் தெரியாது. மச்சான் கூப்பிட வாயைத் திறந்தான். அவன் வாயைப் பொத்தினேன். வேறு என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று யோசித்தேன். என் பிள்ளைக்கு வேறு ஒரு பெயர் இருக்கிறது என்பதே எனக்கு அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை. பிறகு, பள்ளிக்கூடத்தில் பதிந்தபோது நானே எழுதிக் கொடுத்த பெயர் நினைவுக்கு வந்தது. வீட்டில் ஒருநாளும் சொல்லாத பெயர். அந்த முழுப்பெயரைச் சொல்லி, கத்தாமல், பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிடுகிற மாதிரிச் சொன்னேன்.

"இருந்த இடத்திலை இரு. அப்பா வாறன்."

புல்லுக்குள்ளிருந்து, "ஓம்" என்று கேட்டது.

முயல்குட்டியை என் சேட்டுக்குள், வயிற்றோடு, போட்டுக்கொண்டு, தடியால் ஒவ்வொரு அடியாக நிலத்தைக் குத்திக் குத்திப் போனேன். முப்பதடி போக எவ்வளவு நேரம் எடுத்தது என்று தெரியாது. வயிற்றில் குட்டியின் நெஞ்சு படபடவென்று அடித்தது. என்னுடையதா அதனுடையதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தாள். அவளுக்கு முன்னால் இரண்டு முழத் தூரத்தில் அரச இலைகள் பளபளவென்று நின்றன. நல்ல பச்சை. சின்னப் பிள்ளை ஓடிப்போய்ப் பிடுங்கக்கூடிய உயரம். அரச மரத்தின் உச்சி புல்லோடு புல்லாகத் தெரிந்தது. உச்சி தரையில் நின்றால் அடி எங்கே? அது கிணற்றுச் சுவரில் முளைத்த மரம்.

அவளைத் தூக்கினேன். பின்னால் வந்த மச்சான் ஒரு கல்லை எடுத்து இலைகளுக்கு நடுவில் போட்டான். சத்தம் வரக் காத்திருந்தோம். வந்தது.

ஏன் நின்றாய் என்று கேட்டேன்.

"நீங்கள் கூப்பிட்டியள், வந்தனான். பேந்து ஆரோ ஒரு சின்னப்பிள்ளை அழுதது. அதுதான் பயந்து குந்தியிட்டன்."

என் சேட்டுக்குள் அசைவதைக் கண்டு, அது என்ன என்று கேட்டாள். எடுத்துக் காட்டினேன். தடவிப் பார்த்தாள். வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்க்கலாம் என்று மச்சான் சொல்ல, அவள் தலையாட்டி மறுத்தாள். அம்மா தேடும் என்றாள். எடுத்த புல்லுக்குள்ளேயே கொண்டுபோய் வைத்தோம். வைத்ததும் பழையபடி ஒட்டிப் படுத்துக்கொண்டது.

"அம்மா எப்ப வரும் அப்பா?"

"பின்னேரம் வரும்."

உரப்பை மோட்டார் சைக்கிளில் தொங்கிக்கொண்டிருந்தது.

அன்று பின்னேரம் மச்சான் போன் எடுத்தான். முயலை உரிக்கப் போனவன். "அத்தான், அது பால் குடுக்கிற முயல். உங்களுக்குத் தெரியுமே?" என்றான். தெரியாது என்றேன். அவன் அதைச் சமைக்கவில்லை, வாழைக்குக் கீழே குழி வெட்டித் தாட்டான். அதற்குப் பிறகு அவன் வலை தூக்கியதை நான் காணவில்லை.

அடுத்த நாள் விடிந்ததும், ஒருவருக்கும் சொல்லாமல் நான் காணிக்குப் போனேன். ஆட்டுப்பாலும் பஞ்சும் கொண்டுபோனேன். குட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. ஒரு விரல்கடை நகரவில்லை. எறும்பு மொய்த்திருந்தது.

குட்டியைத் தொடாத கை சுத்தமான கை என்று மச்சான் நினைத்தான், நானும் நினைத்தேன். தாயை எடுத்த பிறகு குட்டியை விடுவதும் எடுப்பதும் ஒன்றுதான். வலைக்குள் பாய்கிறது எது, அதற்குப் பின்னால் எந்தப் புல்லுக்குள் எது காத்துக் கிடக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. தெரியாத இடத்தில் வலை கட்டக் கூடாது. எனக்கோ தெரிந்தும் இருந்தது. தெரிந்ததைச் சாரத்தில் துடைத்தேன். குட்டிகள் சொன்னபடி கேட்கும். இரு என்றால் இருக்கும், வா என்றால் வரும். அதனால்தான் அவற்றைப் பிடிப்பது லேசு. அது எனக்கு இப்போதும் பயமாக இருக்கிறது.

இப்போது நாங்கள் அந்தக் காணியில் வீடு கட்டி இருக்கிறோம். கிணற்றை இறைத்து, கட்டு உயர்த்தி, மேலே இரும்புக் கம்பி போட்டிருக்கிறது. அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம். மகள் கிணற்றுக் கட்டின்மேல் கையை ஊன்றிக் குனிந்தால் நான் இன்னும் ஓடிப்போய்ப் பக்கத்தில் நிற்பேன்.

ஒவ்வொரு மாரிக்கும் புல் வளரும்போது அவள் கேட்பாள்: "அந்த முயல் இப்ப பெரிசா வளந்திருக்கும், என்னப்பா?" ஓம் என்று சொல்லி வந்தேன். அந்த ஓம் பொய். தாய் பின்னேரம் வரும் என்றதும் பொய். மச்சானிடம் எனக்குத் தெரியாது என்று சொன்னதும் பொய்.

குட்டி என்று கூப்பிட நான் பலமுறை பார்த்தேன். சொல் நாக்கு நுனிவரை வரும். வந்ததும், புல்லுக்குள் அவள் ஓடிவருகிற சத்தம் கேட்கிறது. அதனால் முழுப்பெயரைச் சொல்கிறேன். கோபம் இல்லை.

இந்தத் தாள்களை மடித்து அவள் படிக்கிற மேசையில் வைக்கப்போகிறேன். வாசித்துவிட்டு என்னோடு கதைக்காமல் விட்டுவிடுவாளோ என்று பயமாகத்தான் இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்து அவள் வாசல் படலையைத் திறக்க இன்னும் ஒரு மணித்தியாலம் கிடக்கிறது.