சிங்காரம் தர மறுத்த கட்டுரை

ரிங்லெட் மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் காலமெல்லாம் முதுகில் டேங்க் கட்டிக் களைக்கு மருந்தடித்த சிங்காரம், செத்துப்போன பிறகுதான் விஞ்ஞானி ஆனார். உயிரோடு இருந்தபோது அவர் எழுதியது தன் கையெழுத்தை மட்டும்தான். இன்றைக்குப் பின்லாந்திலும் பிரேசிலிலும் நுரையீரல் நிபுணர்கள் அவரை மேற்கோள் காட்டுகிறார்கள்.

தப்பு நம் பெயரிடும் வழக்கத்தினுடையது. அவர் மகள் தனுஜா கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் மருத்துவ ஆய்வாளர். ஐசி என்கிற அடையாள அட்டையில் இருக்கிறபடியே தன் பெயருக்குப் பின்னால் அப்பா பெயரையும் போட்டு முதல் கட்டுரைகளை அனுப்பினாள். வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்குக் கடைசியில் நிற்பதுதான் ஆளின் பெயர். ஆகவே எழுதியவர் சிங்காரம். விவரம் புரிந்தபின் அவள் தனுஜா என்று மட்டும் போட ஆரம்பித்தாள். கட்டுரைகளைக் கணக்கெடுக்கும் இணையதளத்தில் ஒருத்தி இரண்டு பேராகிவிட்டாள்.

இணைப் பேராசிரியர் பதவிக்கு மனு போடும்போதுதான் இது உறைத்தது. பன்னிரண்டு கட்டுரைகள் வேண்டும். ஒவ்வொன்றையும் பன்னிரண்டு பேராவது மேற்கோள் காட்டியிருக்க வேண்டும். மகள் பக்கத்தில் தேறியது ஐந்து. மற்ற ஏழும் அப்பாவிடம்.

இரண்டு பக்கங்களையும் ஒன்றாக்கச் சொல்லி இணையதளத்துக்கு எழுதினாள். 'சிங்காரத்தின் சம்மதம் கேட்டிருக்கிறோம்' என்று பதில் வந்தது. சிரித்துக்கொண்டாள். மறுநாள் இன்னொரு பதில்: 'சிங்காரம் மறுத்துவிட்டார்.'

அவர் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். அதுவரை வெறும் வட்டமாக இருந்த இடத்தில் ஒரு படம். பனி மூடிய சரிவில், டேங்க் சுமந்த ஓர் ஆள் முதுகு காட்டி நின்றான். பக்கத்தில் பச்சைப் புள்ளி. ஆள் இணைப்பில் இருக்கிறார் என்று அர்த்தம்.

அவர் இறந்துவிட்டார் என்று எழுதிப் பார்த்தாள். சான்றிதழ் அனுப்பினால் ஏழு கட்டுரைகளையும் அவர் பெயரிலேயே நிரந்தரமாக நினைவுப் பக்கமாக்கித் தருவதாக ஆழ்ந்த அனுதாபத்தோடு பதில் வந்தது.

திரிங்காப்பில் முட்டைக்கோஸ் லோரி ஓட்டும் தம்பி குகனைக் கூப்பிட்டாள்.

"டேய், அப்பா படத்த நீயாடா போட்ட?"

"அக்கா, எனக்கு என் பேஸ்புக் பாஸ்வேர்டே ஞாபகம் இல்ல லா. கோபிஸ் ஏத்துறத விட்டுட்டு ஆராய்ச்சி பண்ணவா?"

அம்மா வேலாயி அவனிடமிருந்து போனைப் பிடுங்கினாள். "உங்கப்பாவா வேணாம்னாரு?"

"மா, அவரு செத்து நாலு வருஷமாச்சு!"

"செத்தா பிடிவாதம் போயிருமா? வெள்ளிக்கெழம தெவசம். நேர்ல வந்து கேளு."

மனுவுக்குக் கடைசி நாளும் அந்த வெள்ளிதான். தனுஜா மலையேறினாள்.

வாழை இலையில் சோறு, ஆட்டுக்கறி, ஒரு கிளாஸ் ஸ்டவுட் பீர். இலையோரம் தனுஜாவின் கைத்தொலைபேசி. இணையதளத்துக்கு மறுபடி கேட்டு அனுப்பியாகிவிட்டது. இறந்தவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு மூவரும் வெளியே நின்றார்கள். மத்தியானத்திலேயே பனி இறங்கி எதிர் லயத்து வீடுகளை விழுங்கியது.

உள்ளே யாரோ இருமினார்கள்.

அந்த இருமல் தனுஜாவுக்குத் தெரியும். அவளுடைய முதல் கட்டுரையே அதைப் பற்றித்தான். மருந்தடிப்பவர்களின் ரத்தத்தைச் சோதிக்கப் புறப்பட்டபோது முதலில் சட்டைக் கையை மடித்தவர் அப்பாதான். "பேரு போடுவியா புள்ள?" என்று கேட்டார். "பேரு போடக் கூடாதுப்பா, நம்பர்தான்." ஊசியை எடுக்கும்வரை அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வேலாயி கதவை மூன்று முறை தட்டித் திறந்தாள். ஸ்டவுட்டில் நுரை இல்லை; அளவும் குறைந்திருந்தது. போனில் செய்தி வந்திருந்தது: 'சிங்காரம் சம்மதித்துவிட்டார். ஆறு கட்டுரைகள் உங்களுக்கு மாற்றப்பட்டன.'

"ஆறா? ஏழு லா வேணும்?" என்றான் குகன்.

ஐந்தும் ஆறும் பதினொன்று. தராமல் வைத்துக்கொண்டது எது என்று பார்த்தாள். முதல் கட்டுரை. அதிகம் பேர் மேற்கோள் காட்டியதும் அதுதான்.

வேலாயி இலையைக் குனிந்து பார்த்தாள். "நல்லி எலும்பக் காணோம். கறி பங்கு வைக்கிறப்ப எல்லாத்தையும் எடுத்துக் குடுப்பாரு. அத மட்டும் என்னைக்காவது விட்டிருக்காரா?"

பின் சன்னல் திறந்துதான் இருந்தது. பக்கத்து வீட்டு நாய் எலும்பைத் தூக்கியிருக்கலாம். ஆனால் நாய்க்குக் கடவுச்சொல் தெரியாது.

போன் கேட்டது: 'மீதமுள்ள கட்டுரைக்கு ஆட்சேபம் எழுப்புகிறீர்களா?' எழுப்பினால் இன்றைக்கே தீர்த்துவிடுவார்களாம். பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

"அமுக்குக்கா, நேரமாகுது," என்றான் குகன்.

தனுஜா 'இல்லை' என்பதை அமுக்கினாள். "அது அவரு ரத்தம்டா."

பதவி அடுத்த வருடத்துக்குப் போயிற்று. புள்ளி அணைந்தது. மூவரைத் தவிர வேறு யாரும் இல்லாத அந்த அறைக்குள், யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டு ஏப்பம் விட்டார்கள்.