வாலிபர் விருந்தில் தம்போலா

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் எங்கள் சபை வாலிபர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். என்னை விட்டால் ஆளில்லை என்று நான் நினைத்திருந்தேன். நாற்காலி தூக்க ஆள் கிடைத்தது என்று மற்றவர்கள் நினைத்திருந்தார்கள். அந்தக் கிறிஸ்மஸ் விருந்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வாலிபர்களையும், "விருந்துன்னா என்னன்னு வந்து பாருங்க" என்று வாய்நீளமாக அழைத்திருந்தேன்.

அந்த வாய்ப்பேச்சைக் காப்பாற்றத்தான் தம்போலா. ஆளுக்கொரு எண் சீட்டைக் கொடுத்துவிட்டு, எண் எழுதிய அட்டைகளைப் பிஸ்கட் டப்பாவில் குலுக்கி, ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்ல வேண்டும். சீட்டிலுள்ள எண்கள் எல்லாம் முதலில் யாருக்கு அடிபடுகிறதோ, அவருக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி. சபை மூப்பர் ஒருவர் காலையிலேயே சொல்லிவிட்டார்: "குலுக்கல்னாலே சூதுதான் தம்பி. போதகர் பாத்தார்னா விருந்தையே நிப்பாட்டிருவார்." போதகரோ தளவாய்புரத்துக்கு ஆராதனை நடத்தப் போயிருந்தார். அந்தத் தைரியத்தில் ஆரம்பித்தேன்.

பாதி ஆட்டத்தில் வாசலில் வெள்ளை அங்கி தெரிந்தது. போச்சு, விருந்தாளிகள் முன்னால் மானம் கப்பலேறப் போகிறது. கையில் இருபத்துமூன்று எழுதிய அட்டை. வாய் தானாகச் சொன்னது: "பாட்டு நம்பர் இருபத்துமூணு."

ஆராதனையில் பாட்டுப் புத்தக எண்ணைச் சொல்லித்தான் பாடுவோம்; பழக்க தோஷம். ஆர்மோனியக்காரர் உடனே மெட்டைப் பிடித்தார். மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று பாடியது. போதகரும் கடைசி வரிசையில் நின்று கனத்த குரலில் சேர்ந்துகொண்டார். பாட்டு முடிந்ததும் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வேறு வழி? டப்பாவில் கைவிட்டேன். "பாட்டு நம்பர் அறுபத்தேழு." அதற்கும் எழுந்தார்கள்.

மூன்றாவது பாட்டின் நடுவில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண் ஒருத்தி சீட்டைத் தூக்கிக் காட்டினாள். "அண்ணே, எனக்கு எல்லாம் அடிச்சாச்சு. பொறவு பாடுவோம், வாளியக் குடுங்க."

ஆர்மோனியம் நின்றது.

"எந்த வாளி?" என்றபடி போதகர் முன்னால் வந்து, சீட்டை வாங்கிப் பார்த்தார். "இதுக்குக் காசு வாங்குனியா?"

"இல்லய்யா."

"பந்தயம் கிந்தயம்?"

"ஐயய்யோ, இல்லய்யா."

"அப்ப வெளயாட்டுதானப்பா. வெளயாட்டுன்னு சொல்லிட்டுப் போகவேண்டியதுதான? பஸ்ல நின்னே வந்தவன இங்கயும் நிக்க வச்சுட்டியே."

முதலில் சிரித்தவர் அந்த மூப்பர்தான்.

"அடுத்த பரிசு என்ன?" என்றார் போதகர்.

"சோப்பு டப்பாய்யா."

"எனக்கும் ஒரு சீட்டு குடு."

சோப்பு டப்பா அவருக்கு ஓர் எண்ணில் தவறியது. என் பிஸ்கட் டப்பாவை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீ சரியாக் குலுக்கலப்பா. இன்னொரு ஆட்டம் போடு."