பதினேழாவது மாற்றம்

என் அக்காவின் கணவருக்கு இரண்டு வேலைகள். ஒன்று லிஃப்ட் பழுது பார்க்கும் நிறுவனத்தில். எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் நின்றுபோனது என்று புகார் வாங்கும் இணையப் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது. அது சோறு போடுகிறது. இன்னொன்று சோறு போடாதது, வீட்டிலிருக்கும் நேரத்தையெல்லாம் தின்பது. ஒரு திறந்தமூல வெப் ஃபிரேம்வொர்க். இணையதளம் கட்டுகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் செங்கல் அறுப்பதிலிருந்து தொடங்க வேண்டாமென்று கதவு, படி, குழாய் எல்லாம் முன்பே செய்து வைத்திருக்கும் மென்பொருள் மூட்டை. யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தம் அனுப்பலாம். ஒன்பது வருடத்துக்கு முன் மாமா ஒரே ஒரு வரித் திருத்தம் அனுப்பினார்.

"அன்னிக்கு அந்த ஒரு வரியை அனுப்பாம இருந்திருந்தா, எனக்குப் புருஷன்னு ஒருத்தர் இருந்திருப்பார்" என்பாள் அக்கா.

அவள் பள்ளி ஆசிரியை. சாப்பாட்டு மேஜை முழுக்க அவளுடைய விடைத்தாள்கள். அதனால் மாமா வாஷிங் மெஷினின் மேல் லேப்டாப்பை வைத்து, நின்றுகொண்டே வேலை பார்ப்பார். மெஷின் துணி பிழியும்போது லேப்டாப்போடு சேர்ந்து அவரும் ஆடுவார்.

அந்தக் குழுவில் ஏழெட்டுப் பேர். ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை. தலைவரை எங்கள் வீட்டில் பேச்சாளர் என்போம். ஏதாவது மாநாட்டில் மேடையேறாத மாதம் அவருக்குக் கிடையாது. திரையில் அவருடைய பல் மட்டும் தனியாகச் சிரிக்கும், கண் வேறெங்கோ வேலையாயிருக்கும். ஒவ்வொரு வெளியீட்டிலும் என்ன மாறியது என்று வழிகாட்டி எழுதும் அம்மா ஒருவர் உண்டு. கேமராவை அணைத்தே வைத்திருப்பார், அவர் குரல்கூட அபூர்வம். மாமாவுக்கு அங்கே முட்டுக்கட்டை என்று பெயர். பழையது எதையும் எளிதில் தூக்கவிடமாட்டார்.

இந்த வருடம் பெரிய வெளியீடு. பழையதை உடைக்கும் மாற்றங்கள் இருபத்துமூன்று என்று பட்டியல் போட்டிருந்தார்கள். இருபத்திரண்டுக்கு முட்டுக்கட்டையே தலையாட்டிவிட்டார்.

"உடைக்கறது தப்பே இல்லடா" என்று என்னிடம் சொன்னார். "ஆனா உடையும்போது சத்தம் வரணும். சத்தம் கேட்டாத்தான் வீட்டுக்காரன் எழுந்து வருவான்."

பதினேழாவது மாற்றத்தில் சத்தம் இல்லை. ஒரு தளத்தில் யாராவது கோப்பு ஏற்றினால் அதை வாங்கி வைக்கிற கட்டளை அது. இதுவரை கோப்பு சேராவிட்டால் பக்கம் அங்கேயே நின்று சிவப்பில் கத்தும். இனி கத்தாது. வெற்றுச் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டு, எல்லாம் நடந்தது போலவே மேலே போகும். வேகம் கூடுமாம். கட்டளையின் பெயர் மட்டும் அதே பழைய பெயர்.

மாற்றத்தை முன்வைத்து மூன்று நாளுக்குள் எவரும் எதிர்க்காவிட்டால் சம்மதம் என்பது அவர்களுடைய விதி. மூன்று நாளும் மாமா வாஷிங் மெஷின் முன்னால் நின்று, வரிவரியாகப் பதினோரு இடத்தில் எதிர்ப்பு எழுதினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் வைத்த டீ ஆடை கட்டி, ஆடை சுருங்கி, கோப்பையின் ஓரத்தில் தோலாக ஒட்டிக்கிடந்தது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம்.

"பதினேழு. எதிர்ப்பு எதுவும் வரல, முடிஞ்சது" என்றார் பேச்சாளர். "அடுத்து பதினெட்டு."

"இருங்க. வரலையா? பதினோரு இடத்துல எழுதியிருக்கேனே!"

"எங்க சார்? ஒண்ணுமே இல்லையே."

"அழிச்சுட்டீங்களா?"

"ஐயையோ, உங்க எழுத்தை அழிக்க யாருக்கு சார் கை வரும்?"

மாமா தன் திரையை எல்லோருக்கும் காட்டினார். பதினோரு குறிப்புகளும் இருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் மஞ்சளாக ஒரு சொல்: நிலுவையில். குறிப்புகளை எழுதி எழுதிச் சேர்த்துவைத்து, கடைசியில் ஒரு பச்சைப் பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்கும்வரை எழுதியவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். ஒன்பது வருடமாக அமுக்கியவர் இந்தத் தடவை அமுக்கவில்லை. அமுக்கியதாகவே நினைத்திருக்கிறார்.

செருப்பில் எதையோ மிதித்துவிட்டவர் காலைத் தூக்கிப் பார்ப்பதுபோலத் தன் கையைப் பார்த்தார். பிறகு பொத்தானை அமுக்கினார்.

"இப்ப அமுக்கி என்ன சார்? விதி விதிதான். நீங்களே எழுதின விதி" என்றார் பேச்சாளர். பல் முழுக்கத் தெரிந்தது.

"சரி, என் தப்பு. விதிப்படி மாத்திக்கோங்க. பேரையும் சேர்த்து மாத்துங்க, அது போதும். பழைய பேரைக் கூப்பிடற தளமெல்லாம் புது வெர்ஷனைப் போட்டதும் நிக்கும். என்னன்னு பாத்துத் திருத்திப்பாங்க."

"நிக்கும்ல? 'பத்தே நிமிஷத்தில் மாறிக்கொள்ளலாம்'னு அறிவிச்சாச்சு. வியாழக்கிழமை மேடையில என் முதல் ஸ்லைடே அதுதான்."

"உங்க ஸ்லைடுக்காக, நிக்க வேண்டியது நிக்காம ஓடணுமா?"

"தேடிப் பாத்துட்டோம் சார். இந்தக் கட்டளையை மொத்தமே முப்பத்தெட்டுத் தளம்தான் பயன்படுத்துது."

"வெளியில காட்டறவன் முப்பத்தெட்டு. கதவைச் சாத்திக்கிட்டு வேலை பாக்கறவன் எத்தனை பேர்னு எந்தத் தேடல் சொல்லும்? கடை, கிளினிக், ரத்தப் பரிசோதனை பண்ற இடம்... இவங்க யாராவது எழுதின புரோகிராமை ஊருக்குக் காட்டுவாங்களா?"

குழுவில் ஒருவர் கேமராவுக்கு முன்னாலேயே பல்லிடுக்கைக் குடைந்துகொண்டிருந்தார். எடுத்ததை ஒரு கணம் பார்த்துவிட்டு மறுபடி வாயில் போட்டுக்கொண்டார்.

அப்போது அந்த அபூர்வக் குரல் வந்தது. "பதினேழுக்கு வழிகாட்டியில நான் என்ன எழுதறது?"

"எழுதிக்கோங்கம்மா" என்றார் மாமா. "கோப்பு சேராவிட்டால் இனி உங்களுக்குச் சொல்லப்படாது. நீங்களேதான் சரிபார்க்க வேண்டும்."

"எதுக்கு சார் ஜனங்களைப் பயமுறுத்தறீங்க?" என்றார் பேச்சாளர். "அம்மா, 'பிழைகளைக் கையாளும் முறை மேம்படுத்தப்பட்டுள்ளது'ன்னு போடுங்க. போதும்."

குளிப்பாட்டிப் பவுடர் பூசிய வாக்கியம். கிட்டே போனால் நாறியது. விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த அக்காகூடச் சிவப்புப் பேனாவை நிறுத்திவிட்டு மூக்கைச் சுளித்தாள்.

"வெளியிட ரெண்டு பேர் ஒப்புதல் வேணும்" என்றார் மாமா. "ஒண்ணு உங்களோடது, இன்னொண்ணு என்னோடது. பேரை மாத்தாம நான் தரமாட்டேன். என் ஒப்புதலோட இது வெளிய போகாது."

"அப்படியா? சரி சார்" என்றார் பேச்சாளர். சிரிப்பு ஒரு பல்கூடக் குறையவில்லை. பதினெட்டுக்குப் போனார்கள்.

திங்கட்கிழமை மதியம் மாமாவுக்குக் குழுவின் இயந்திரம் தானாக ஒரு மின்னஞ்சல் அனுப்பியது. உங்கள் பொறுப்பு மாற்றப்பட்டுள்ளது, இதுவரையிலான பங்களிப்புக்கு நன்றி. கீழே மூன்று பலூன் படங்கள். சாயங்காலம் அக்காவிடம் காட்டினார்.

"ஒன்பது வருஷத்துக்கு மூணு பலூனா?" என்றாள் அக்கா. "குழந்தைக்குக் காது குத்தினாக்கூட இதைவிட ஜாஸ்தி கட்டுவாங்க."

அவர் சிரிக்கவில்லை. பல்லிடுக்கைக் குடைந்துகொண்டிருந்தவருக்கு அந்தப் பொறுப்பைக் கொடுத்திருந்தார்கள்.

வியாழக்கிழமை வெளியீடு வந்தது. வாழ்த்துகள் கொட்டின. மாமா வழிகாட்டியைத் திறந்தார். உச்சியில் கொட்டை எழுத்தில் 'பத்தே நிமிஷத்தில்'. நாறும் வாக்கியத்தை எதிர்பார்த்து, முகத்தை முன்பே கோணவைத்துக்கொண்டு பதினேழுக்கு இறங்கினார். அங்கே இருந்தது: கோப்பு சேராவிட்டால் இனி உங்களுக்குச் சொல்லப்படாது. நீங்களேதான் சரிபார்க்க வேண்டும்.

அந்த அம்மாவைக் கைபேசியில் கூப்பிட்டார். ஒன்பது வருடத்தில் முதல் தடவை.

"உங்களையும் தூக்கிடப் போறாங்கம்மா."

"என்னைத் தூக்கினா வழிகாட்டியை யார் எழுதுவா சார்? அந்த ஆளுக்குப் பேசத்தான் தெரியும், எழுதச் சொன்னா வயித்துவலி வந்துடும்."

அந்த வரியை ஊரே படித்தது. பேச்சாளர் மேடையிலிருந்து இறங்குவதற்குள் இருநூறு பேர் ஏசியிருந்தார்கள். நோயாளிகளின் அறிக்கைகளை ஏற்றுகிற பரிசோதனைக் கூடத்துக்காரர் ஒருவர், இதைப் படித்திராவிட்டால் எத்தனை அறிக்கைகள் காணாமல் போயின என்றே எங்களுக்குத் தெரிந்திருக்காது என்று எழுதியிருந்தார். மூன்றாம் நாள் சின்னதாக ஒரு திருத்த வெளியீடு வந்தது. கட்டளைக்குப் புதுப் பெயர். மாமா தன் எதிர்ப்பில் எழுதியிருந்த அதே பெயர். ஓர் எழுத்துகூட மாறவில்லை. கூடவே ஒரு குறிப்பு: சமூகத்தின் குரலுக்கு நாங்கள் எப்போதும் செவிசாய்க்கிறோம்.

"செவி!" என்றார் மாமா. "இவனுக்கு!"

மறுநாள் அழைப்பு வந்தது. மீண்டும் பொறுப்பேற்க வாருங்கள், உங்களைப் போன்றவர்கள்தான் எங்கள் முதுகெலும்பு. மாமா அதை நின்றபடியே இரண்டு தடவை படித்தார்.

"போறீங்களா?" என்றாள் அக்கா.

"துப்பினதை நக்கச் சொல்றியா?"

"நான் சொல்லல. உங்க மூஞ்சி சொல்லுது."

அவள் சொன்னது உண்மை என்று எனக்கும் தெரிந்தது. அந்த முகத்தில் ஆசை இருந்தது. அது அங்கே இருப்பதை அவரும் கண்டுகொண்டு, அதற்காகவே இன்னும் அருவருத்துப்போனதுபோல உதட்டைப் புறங்கையால் துடைத்தார்.

'மறுக்கிறேன்' என்பதை அமுக்கினார். விருப்பமிருந்தால் காரணம் எழுதுங்கள் என்று ஒரு கட்டம் திறந்தது. நீளமாக ஏதோ அடித்தார். முழுவதையும் அழித்தார். பிறகு ஒரே சொல்லை அடித்து அனுப்பிவிட்டு லேப்டாப்பை மூடினார்.

குமட்டுது.