ஃபர்ஸ்ட் செலெக்ஷன்

ஆம்பூர் பஸ்ஸில் இன்று பக்கத்தில் உட்கார்ந்தவரின் சட்டையிலிருந்து பதனிட்ட தோலின் வாசம் வீச, அப்பாவின் தோல் பதனிடும் ஷெட் வேலைக்காக எண்பதுகளில் நாங்கள் கென்யாவில் இருந்ததும், குடும்பத்தோடு விவசாயக் கண்காட்சிக்குப் போனதும் நினைவுக்கு வந்தன. வைக்கோல் தூசியும் மாடுகளின் மூச்சும் கலந்த கொட்டகையில், என் உள்ளங்கையை நக்கிக்கொண்டே இருந்த கன்றை விட்டு நான் நகரவில்லை.

தோலைத் தரம் பிரிப்பதே வேலையான அப்பா, கன்றின் முதுகை விரலால் நீவி, "ஒரு கீறல் இல்ல. ஃபர்ஸ்ட் செலெக்ஷன் தோலு" என்றார்.

"இன்னாங்க, அது உயிரோட நிக்குது!" என்று அம்மா அதட்டினாள்.

'ஃபர்ஸ்ட்' மட்டும் புரிந்த கன்றுக்காரர், கண்காட்சியின் முதல் பரிசைச் சொல்கிறார் என்று எண்ணி அப்பாவின் கையைக் குலுக்கினார். அப்பாவும் சிரித்தார். அவர்களோடு சேர்ந்து சிரிக்கலாமா என்று தெரியாமல், நான் கன்றின் காதுகளைப் பொத்தினேன்.